என் கை பட்ட தக்காளிச் செடிகள்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம் நிறையப் பேருக்கு நினைவிருக்கும். ரயிலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனதே, அந்த மார்கழி. நான் சொல்லப்போவது அதற்கு மூன்று மாசம் முந்தி, புரட்டாசியில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் போனதில்லை என்பதால் வருஷக் கணக்கு எனக்குச் சரியாக வராது. இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுகிறார். ஆனால் அந்தப் புயலை நடுவில் வைத்து முன்னும் பின்னும் எண்ணினால் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

அப்போது திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கிழக்கே ஒரு வளவில் குடியிருந்தேன். வளவு என்றால் தெருவுக்கு ஒரே வாசல், உள்ளே எட்டு வீடு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம். முற்றத்தில் ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு கயிற்றுக் கட்டில் போடுகிற அளவு இடம் உண்டு. அந்தக் கட்டிலளவு இடம்தான் எங்கள் தோட்டம்.

மண்ணில் நேராக எதுவும் வைக்க முடியாது, அடியில் முழுக்கப் பாறை. அதனால் சீமெண்ணெய் டின், அடி போன பானை, ஓட்டை வாளி என்று எது கிடைத்தாலும் மண்ணை நிரப்பிச் செடி வைத்துவிடுவோம். இரண்டாவது வீட்டுக்காரர் பேகம்பூர் பக்கம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை பார்த்தார். அவர் ஒரு தடவை கமலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற பழைய தோல் சால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அதில் பீர்க்கு போட்டார். மழை பெய்தால் அந்தச் சால் நாறுகிற நாற்றத்தில் யாரும் சாப்பிட உட்கார முடியாது. ஆனால் அந்தப் பீர்க்கு ஓட்டின் மேல் ஏறி மூன்று வீட்டைத் தாண்டிப் போய்க் காய்த்தது. நாறுகிறது என்று சண்டை போட்ட வீட்டுக்காரர்கள்தான் முதலில் காயைப் பறித்தார்கள்.

கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. செடிக்கு ஊற்றினால் மண்மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். குழாய்த் தண்ணீரோ குடிக்கவே காணாது. அதனால் அரிசி கழுவின தண்ணீர், பருப்புக் கழுவின தண்ணீர், கை கழுவின தண்ணீர் எல்லாம் செடிக்குத்தான். விருந்தாளி வந்தால்கூட, “கைய அந்த டின்னுக்கு மேல நீட்டிக் கழுவுங்க” என்றுதான் சொல்வோம். ஆடியில் அவரை, பீர்க்கு, சுரை போடுவோம். புரட்டாசி மழைக்கு வெண்டை, கொத்தவரை. மார்கழிப் பனியில் அவரை பூத்து, தையில் சுளகு நிறையக் காய் வரும். சித்திரையில் எல்லாம் கருகிப்போய் வீட்டுக்கு ஒரு டின் கீரை மட்டும் மிஞ்சும். அந்தக் கீரையைக் கிள்ளும்போது வருகிற பச்சை வாசம் இருக்கிறதே, அந்த வெயிலில் அது ஒன்றுதான் எங்களுக்குக் குளிர்ச்சி.

எங்கேயோ போகிறேன். சொல்ல வந்தது என் கையைப் பற்றி.

நான் சுருட்டுக் கம்பெனியில் சுருட்டுச் சுற்றுகிறவன். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை நனைத்த புகையிலையை விரித்து, நரம்பைக் கிழித்து, உருட்டி, பசை தொட்டு ஒட்ட வேண்டும். விரலெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். எவ்வளவு கழுவினாலும் சோறு கைக்கும். ஆனால் அந்தக் கைக்கு எங்கள் வளவில் ஒரு பேர் இருந்தது. ராசியான கை என்பார்கள். ஒரு வருஷம் நான் ஊன்றின முருங்கைக் கொம்பு துளிர்த்தது, அடுத்த வருஷம் நான் போட்ட அவரை கொத்துக் கொத்தாகக் காய்த்தது, அதிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் விதை போட்டாலும், நாற்று நட்டாலும் நான் போய்த் தொட்டுக் கொடுக்க வேண்டும். நானும் சாயந்திரம் வேலை விட்டு வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், வீடு வீடாகப் போய் நட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். எழுதப் படிக்கத் தெரியாதவனை எட்டு வீடும் கூப்பிட்டால் நெஞ்சு நிமிராமல் இருக்குமா? எனக்கும் நிமிர்ந்துதான் இருந்தது.

அந்தப் புரட்டாசியில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிற நாலாவது வீட்டுக்காரர் மாமனார் ஊரிலிருந்து ஒரு கட்டுத் தக்காளி நாற்று கொண்டுவந்தார். அதுவரை எங்கள் வளவில் யாரும் தக்காளி வைத்ததில்லை. எட்டு வீட்டுக்கும் அந்த ஒரு கட்டைத்தான் பிரித்துக்கொண்டோம். ஏழு வீட்டில் நான் நட்டேன், என் வீட்டையும் சேர்த்து. எட்டாவது வீட்டில் நடவில்லை.

எட்டாவது வீட்டுக்கு அந்த ஆனியில்தான் ஒரு பெண் குடிவந்திருந்தாள். புருஷன் பழனியில் ஒரு லாட்ஜில் சமையல்காரர், மாசத்துக்கு ஒரு தடவை வந்து போவார். அவள் இங்கே ஒரு காப்பிக் கிளப்புக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள். அவளும் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, எனக்கும் ஒரு கை வச்சுக் குடுத்துட்டுப் போங்களேன்.”

“வெள்ளிக்கிழமை வாரேன்த்தா” என்றேன். போகவில்லை. மறக்கவில்லை, எட்டு வீட்டில் புதிதாக வந்தவளுக்கு என்ன அவசரம் என்ற மெத்தனம்தான். இரண்டு வெள்ளி பார்த்துவிட்டு அவளே நட்டுக்கொண்டாள்.

ஐப்பசியில் நல்ல மழை. எல்லா வீட்டுச் செடியும் ஒன்றுபோலக் கிளம்பியது. நான் நட்ட ஏழு வீட்டுக்கும் தினமும் சாயந்திரம் ஒரு சுற்றுப் போய், தண்டின் பக்கத்தில் கிளம்புகிற வேண்டாத துளிரையெல்லாம் கிள்ளிவிட்டு வருவேன். ஒருநாள் அந்தப் பெண் எங்கள் வாசலில் நின்று என் வீட்டுக்காரியிடம், “ஒங்க செடி எம்புட்டுப் பச்சையா இருக்குக்கா, பாத்துக்கிட்டே இருக்கலாம் போல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து இலையில் தேமல் விழுந்தது. பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக, மனுஷர் தோலில் விழுகிற தேமல் மாதிரியே. புது இலை சூம்பி நூலாகத் தொங்கியது. பூ உதிர்ந்தது. முதலில் என் வீட்டில், பிறகு பக்கத்தில், கார்த்திகை பாதிக்குள் ஏழு வீட்டிலும். எட்டாவது வீட்டில் மட்டும் செடி மதமதவென்று நின்றது. கோலிக்குண்டு அளவில் காய் வேறு.

என் வீட்டுக்காரிதான் முதலில் சொன்னாள். “அவ வாய வச்சா, செடி படுத்துருச்சு. ஒம்பது வருசம் ஏங்குன கண்ணு, சும்மா போகுமா?”

நான் அதட்டியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அது வசதியாக இருந்தது. ராசியான கை நட்ட செடி ஏழும் சாகிறது என்றால் என் பேர் என்னாவது? மறுநாள் கிணற்றடியில் நானே சொன்னேன், “என் கையில குத்தம் இல்லப்பா. கண்ணு பட்டா கை என்ன செய்யும்?” என்று. ஏழாவது வீட்டு அக்கா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அது என் சொல்லாக இல்லை, வளவின் சொல்லாகிவிட்டது.

அந்தப் பெண் தண்ணீருக்கு வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஒருத்தர் வீட்டுக் குழந்தையை அவள் ஆசையாகத் தூக்கப்போனபோது வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்கள். உண்டாகியிருக்கிற பெண்ணுக்கு வளவில் ஆளுக்கொரு நாள் வாய்க்கு ருசியாக ஏதாவது வெஞ்சனம் செய்து கொடுப்பது வழக்கம். அவளுக்கு அதுவும் நின்றுபோனது. வீட்டுக்காரர், அதாவது வளவுச் சொந்தக்காரர், வாடகை வாங்க வந்தபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள், ரொம்ப வருஷமாகக் குடியிருக்கிறவன் என்று. நானும் கண் பட்ட கதையைச் சொன்னேன். அவர் எட்டாவது வீட்டு வாசலில் போய் நின்று, “மார்கழியில வீடு மாறக்கூடாது. தை பொறந்ததும் காலி பண்ணிரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குப் போக இடம் கிடையாது. பழனியில் புருஷன் லாட்ஜ் சமையல்கட்டில் மற்ற ஆட்களோடு படுக்கிறவர். மாமியார் வீட்டோடு பேச்சில்லை. தையில் எட்டாவது மாசம். அந்த வயிற்றோடு, புருஷன் கூட இல்லாத பெண்ணுக்கு எவன் வீடு கொடுப்பான்? மாவாட்டுகிற வேலையும் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

மார்கழி பிறந்தவுடன் தேமல் விழுந்த செடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, புது நாற்று வாங்கலாம் என்று வாரச் சந்தைக்குப் போனேன். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா ஈரச் சாக்கில் நாற்றைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து ஒரு கட்டைப் பிரித்தேன்.

“ஏனுங்க, கைய எடுங்க” என்றார்.

நான் கவனிக்காமல் இன்னொன்றைப் புரட்டினேன். என் புறங்கையில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது.

“எடுங்கன்னு சொல்றேனில்ல.”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “ஏம்மா, என் கை பட்டா ஒன் நாத்து தீட்டாயிருமா?”

“தீட்டெல்லாம் இல்லீங்க. கை நாறுதுங்க. பொகையெலைங்களா?”

“சுருட்டுக் கம்பெனியில வேலை பாக்குறேன். பிச்சிப்பூவா மணக்கும்?”

பக்கத்தில் வெங்காயம் விற்றவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. நாற்றுக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். அவருடைய புருஷன் எந்நேரமும் புகையிலை போடுகிறவராம். அதே கையோடு ஒரு வயல் முழுக்கத் தக்காளி நட்டு, அத்தனையும் இலை தேமலாகிப் போனதாம். சர்க்கார் விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் வந்து பார்த்துவிட்டு, செடியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், நட்டது யார், அவர் கையைக் காட்டு என்றாராம்.

“பொகையெல, தக்காளி, மொளகா எல்லாம் ஒரே வர்க்கமுங்க. பொகையெலையில இருக்கற நோவு கையில ஒட்டிட்டு வந்து இதுல எறங்கிருது. கிள்ளுனா இன்னும் வெரசாப் புடிச்சுக்கும். இப்ப எங்கூர்ல சோப்புப் போட்டு, மோர்லயும் கைய அலசிட்டுத்தான் நாத்தத் தொடுவாங்க.”

“அப்ப அவரை? பீர்க்கு?”

“அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. அது வேற வர்க்கமில்ல?”

நாற்று வாங்கவில்லை. எழுந்து நடந்தேன். எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. வழியெல்லாம் என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழு வீட்டில் நட்டது நான். தினமும் கிள்ளிவிட்டது நான். எட்டாவது வீட்டில் நான் கை வைக்கவே இல்லை. மெத்தனத்தால் போகாமல் இருந்தேனே, அதனால்தான் அந்தச் செடி பிழைத்தது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு எதற்கு?

உடனே போய்ச் சொன்னேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். “இத வெளிய சொன்னா நாம இந்த வளவுல தலை காட்ட முடியுமா? ஒன்னும் பேசாம இரு” என்றாள். இருந்தேன். வேலைக்குப் போனேன், வந்தேன். எட்டாவது வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பாமல் நடந்தேன்.

அப்புறம்தான் அந்தப் புயல். கடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிற எங்கள் ஊரிலேயே காற்று ஓட்டைப் பெயர்த்தது. மறுநாளும் விடாமல் தூறல். கம்பெனியில் பாதி நாளிலேயே அனுப்பிவிட்டார்கள். டீக்கடை ரேடியோவில் ரயில் போன செய்தி கேட்டுவிட்டு, மனசே சரியில்லாமல் வளவுக்குள் நுழைந்தேன். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அந்தப் பெண் மட்டும் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் செடி டின்களை ஒவ்வொன்றாகத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். ஈரமண் டின் என்ன கனம் கனக்கும் தெரியுமா? ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். வேலையிலிருந்து வந்த கை. டின்னைப் பிடித்தால் இலை மேலே படும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

“ஏண்ணே, எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசத்தான் மாட்டீக. என் செடியத் தொட்டாலுமா ஒட்டிக்கிரும்?”

“நான் தொட்டாத்தான்த்தா ஒட்டும்” என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. மழையில் நின்றபடியே சந்தையில் நடந்தது முழுக்கச் சொன்னேன். குழறிக் குழறித்தான் சொன்னேன். முடித்ததும், “என்னைக்கு அந்தச் சந்தை?” என்று கேட்டாள்.

“ஒரு வாரமாகுது.”

“ஒரு வாரம்” என்றாள். திட்டியிருந்தால் தேவலாம். தாழ்வாரத்தில் ஏறி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “எங்கிட்ட மட்டும் சொன்னா என் வயித்துப் பிள்ளைக்குத்தான்ணே கேக்கும். நாலு பேரு முன்னாடி சொல்லுவீகளா?”

மறுநாள் காலையில் கிணற்றடியில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். என் வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள். மற்றவர்கள் யாரும் நம்பவில்லை. அதுதான் வேடிக்கை. பொய்யாக நான் சொன்னதை ஒரே நாளில் நம்பினவர்கள், நிஜத்தைச் சொன்னபோது சிரித்தார்கள்.

பூட்டுப் பட்டறைக்காரர், “ஏப்பா, பிள்ளத்தாச்சிப் பொம்பளைன்னு பாவப்பட்டு நீ பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிறியா?” என்றார்.

ஏழாவது வீட்டு அக்கா விடவில்லை. “ஒங்கையில சீக்கு இருந்தா நீ போட்ட அவரை எப்படிக் காச்சுச்சு? ஒம் பொண்டாட்டி புள்ளைக்கெல்லாம் தேமல் விழுகணுமே, விழுந்துச்சா?”

வேற வர்க்கம் என்று அந்த அம்மா சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரியவில்லை. அப்போது அந்தப் பெண் தன் வாசலிலிருந்து ஒரு டின்னை இழுத்துக்கொண்டு வந்தாள். தோல் ஷாப்காரர் போய் ஒரு கை பிடித்தார். அவள் செடியிலேயே உயரமானது அது. நல்ல காய்ப்பு. துவைக்கிற கல் பக்கத்தில் வைத்தாள். போய் இன்னொன்றையும் கொண்டுவந்து முற்றத்தின் அந்த மூலையில் வைத்தாள்.

“அண்ணன் இன்னைக்கி வேலை விட்டு வந்த கையோட இத மட்டும் கிள்ளட்டும். அத நான் பாத்துக்கிறேன். ரெண்டும் ஒரே கட்டு நாத்து. தை பொறக்க இன்னும் நாள் இருக்குல்ல, எல்லாரும் பாருங்க.”

“நல்லதா வச்சிருக்கியே, நோஞ்சானா ஒன்ன வைக்கலாம்ல?” என்றார் தோல் ஷாப்காரர்.

“நோஞ்சான வச்சா, அது தானாச் செத்துச்சும்பாக.”

அன்று சாயந்திரம் எல்லாரும் பார்க்க அந்தச் செடியில் கை வைத்தேன். எத்தனையோ செடி நட்டிருக்கிறேன், ஒன்றைக் கொல்லுகிறதற்கென்று தொட்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். விடிந்ததும் ஓடிப்போய் அந்தச் செடியைத்தான் பார்ப்பேன். சாமி, இது கெட்டுப்போகணும் என்று கும்பிடுவேன். பிறகு செடியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஐந்து நாள் ஆயிற்று, எட்டு நாள் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. செடி ஜம்மென்று நின்றது. மழை ஈரத்தில் இன்னும் இரண்டு கொத்துப் பூ வேறு. “ராசியான கைன்னா சும்மாவா?” என்று ஏழாவது வீட்டு அக்கா சாடையாகப் பேசினார். அந்தச் சந்தை அம்மா சொன்னது பொய்யோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொய்யாக இருந்தால் என் கை பிழைத்தது. ஆனால் இந்தப் பெண் தெருவுக்குப் போவாள். இரண்டில் எது வேண்டும் என்று என்னை நானே கேட்டுக்கொண்ட நாட்கள் அவை. முதல் இரண்டு நாள் பதில் சொல்லத் தயங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு தயங்கவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது பழனியிலிருந்து புருஷன் வந்துவிட்டார், வீட்டைக் காலி செய்ய. மெலிந்த மனுஷர், சத்தமே இல்லாமல் பேசுவார். சட்டி பானையைக் கோணிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஏழாவது வீட்டு அக்கா ஏனம் கழுவக் கல்லுப் பக்கம் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இருந்தார். கையில் தேய்த்த சாம்பல் அப்படியே காய்ந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. இது என்னான்னு பாரு.”

உச்சித் துளிரில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக விழுந்திருந்தது. அதற்குக் கீழ் இலை சூம்ப ஆரம்பித்திருந்தது. முற்றத்தின் அந்த மூலையில் இருந்த செடியில் ஒரு புள்ளி இல்லை. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். பூட்டுப் பட்டறைக்காரர் இந்தச் செடியைப் பார்ப்பதும் அந்தச் செடியைப் பார்ப்பதுமாக நாலு நடை நடந்தார்.

ஏழாவது வீட்டு அக்காதான் எட்டாவது வீட்டு வாசலுக்குப் போனார். “ஏத்தா, சாக்க அவுக்கச் சொல்லு ஒம் புருசன” என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வளவுச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப ஒன்னையத்தானப்பா காலி பண்ணச் சொல்லணும்” என்றார். சொன்னால் போகிறேன் என்று நின்றேன். நிஜமாகவே போயிருப்பேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, “போ, போய்ச் சோப்பு வாங்கு” என்றார்.

அந்தப் பெண் அங்கேயே இருந்தாள். மாசியில் பெண் குழந்தை பிறந்தது. என் வீட்டுக்காரி முப்பது நாள் அவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டாள். மன்னிப்பு என்று வாயால் கேட்க அவளுக்கு வரவில்லை, பூண்டுக் குழம்பாக வைத்துக் கேட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். மற்ற வீட்டுப் பெண்களும் குழந்தையைத் தூக்க முறை வைத்துச் சண்டை போட்டார்கள். முன்னே நடந்ததை யாரும் பேசவில்லை. பேசாமலே விட்டதும் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த புரட்டாசியில் நான் சோப்புப் போட்டு, மோரில் கை அலசி, இரண்டு தடவை முகர்ந்தும் பார்த்துவிட்டு அவள் வாசலில் போய் நின்றேன். “நட்டுக் குடுக்கவா?” என்றேன். என்னோடு நன்றாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள் என்பதால் வா என்பாள் என்று நினைத்தேன்.

குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சிரித்தாள். “ஒங்க மேல கோவமில்லண்ணே. போன வருசம் எங் கையில நட்டேன்ல, அதுவே எனக்குப் போதும்னு தெரிஞ்சுபோச்சு. வந்தது வந்தீக, இந்தப் பிள்ளைய செத்த நேரம் வச்சிருங்க, நட்டுட்டு வாரேன்.”

குழந்தையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒருத்தர் வீட்டிலும் ராசிக்கென்று கை வைக்க நான் போனதில்லை.

இப்போது டவுனில் மாடியிலும் ஜன்னல் ஓரத்திலும் தொட்டி வைத்துத் தக்காளி வளர்க்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், சந்தோஷமாக இருக்கிறது. அவர்களில் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்கள், புகையிலை போடுகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்து இருந்தால், கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுச் செடியைத் தொடச் சொல்லுங்கள். அப்படியே, எங்கேயாவது ஒரு வளவில், ஒரு தெருவில், கெட்டதுக்கெல்லாம் ஒருத்தியைக் கைகாட்டி எல்லாரும் தள்ளி வைத்திருந்தால், அங்கேயும் போய் இதைச் சொல்லுங்கள்: திண்டுக்கல்லில் ஒரு கிழவன் இருக்கிறான், இதே மாதிரி ஒருத்தியைச் சொன்னான், கடைசியில் குற்றம் அவன் கையில்தான் இருந்தது என்று. என் பேர் கெட்டுப்போகும் என்று பார்க்க வேண்டாம், தாராளமாகச் சொல்லுங்கள்.